சுடாத மின்னல்: உயர் மின்துடிப்பால் காற்றில் உருவாகும் குளிர் பிளாஸ்மா

கெர்லிங், கலும்பாங், ராசா பக்கம் பிற்பகலில் இடி இறங்கினால், மழைத்துளி விழுவதற்கு முன்பே காற்றில் ஒரு காரமான வாடை வருவதுண்டு. பள்ளிக்கூட அலுவலகத்தில் பழைய நகலெடுக்கும் இயந்திரம் ஓயாமல் ஓடினாலும் அதே வாடைதான். அதன் பெயர் ஓசோன். ஆக்ஸிஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருப்பது மூச்சுக்காற்று. மூன்று மூன்றாகச் சேர்ந்தால் ஓசோன். அந்த மூன்றாவது அணுவை ஒட்டவைக்கும் வேலையை மின்சாரம் செய்கிறது.

இதே வேலையை மின்னல் இல்லாமல், இடி இல்லாமல், காற்றைச் சூடாக்காமல் ஒரு குழாய்க்குள் செய்து காட்ட முடியும். அதற்குப் பெயர் வெப்பமில்லாப் பிளாஸ்மா அல்லது குளிர் பிளாஸ்மா. மிக உயர்ந்த மின்னழுத்தத்தை மிக மிகக் குறுகிய நேரத்துக்குக் காற்றில் செலுத்தினால் அது பிறக்கிறது. புகையைச் சுத்தம் செய்வதிலிருந்து ஆறாத புண்ணுக்கு மருத்துவம் பார்ப்பது வரை இன்று இந்தப் பெயர் அடிபடுகிறது. கைப்பேசி விளம்பரங்களில் விற்கும் பெட்டிகளிலும் ‘பிளாஸ்மா’ என்று எழுதியிருக்கிறது. எது எது என்று தெரிந்துகொள்ள, அது எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் போதும்.

சூடும் குளிரும்

பனிக்கட்டி, தண்ணீர், நீராவி என்ற மூன்று நிலைகளுக்கு அப்பால் உள்ளது பிளாஸ்மா. வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து தனியாக ஓடும் நிலை அது. அந்த நிலையில் காற்றின் வழியே மின்சாரம் பாயும்.

மின்னல் சூடான பிளாஸ்மா. அதன் பாதையில் வெப்பம் ஏறத்தாழ 30,000 பாகை செல்சியசைத் தொடும். சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு. வெல்டிங் செய்யும்போது கம்பி நுனியில் தெரியும் வெளிச்சமும் சூடான பிளாஸ்மாதான், இரும்பே உருகிவிடும். சூடான பிளாஸ்மாவுக்கும் பயன் உண்டு. நார்வே நாட்டின் கிறிஸ்தியன் பிர்க்கலாண்ட், சாம் ஐட் இருவரும் 1903ஆம் ஆண்டில் மின்வில்லைக் கொண்டு காற்றிலிருந்தே நைட்ரேட் உரம் எடுக்கும் வழியைக் கண்டார்கள். அதற்காக 1905இல் தொடங்கப்பட்ட நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனத்திலிருந்து 2004இல் பிரிந்து வந்ததுதான் யாரா. செம்பனைத் தோட்டங்களில் உர மூட்டை தூக்கியவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. மின்வில் முறை மின்சாரத்தை அதிகம் விழுங்கியதால் பிறகு கைவிடப்பட்டது.

குளிர் பிளாஸ்மாவின் கதை வேறு. அதில் எலக்ட்ரான்கள் மட்டும் பல்லாயிரம் பாகை வெப்பத்துக்கு நிகரான வேகத்தில் பறக்கும். சுற்றியுள்ள காற்றோ அறை வெப்பத்திலேயே இருக்கும். ஒரே இடத்தில் இரண்டு வெப்பநிலையா என்று கேட்கலாம். காரணம் எடையில் இருக்கிறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறின் எடையில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்குதான் எலக்ட்ரான். பழம் ஏற்றிய லோரி மீது பிங்பாங் பந்தை எறிந்தால் பந்து தெறித்து ஓடும், லோரி அசையாது. எலக்ட்ரான் காற்று மூலக்கூறில் மோதும்போதும் அதுதான் நடக்கிறது. தன் வேகத்தில் மிகச் சிறிய பங்கைத்தான் அது மூலக்கூறின் ஓட்டத்துக்குக் கொடுக்கிறது.

ஆனால் பந்து ஒன்றல்ல, கோடிக்கணக்கில், ஓயாமல் வந்து மோதிக்கொண்டே இருந்தால் லோரியும் மெல்ல நகரும். காற்றும் அப்படித்தான் சூடாகும். சூடான காற்று அடர்த்தி குறையும், அந்த இடத்தில் மின்சாரம் இன்னும் எளிதாகப் பாயும், இன்னும் சூடாகும். கடைசியில் ஒரே கோடாகச் சுருங்கி, படபடவென்று வெடிக்கும் தீப்பொறியாக மாறிவிடும். அது நடப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். துடிப்பு ஏன் குறுகியதாக இருக்க வேண்டும் என்பதற்கான பதில் இதுதான்.

எவ்வளவு குறுகியது?

சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டி மின்சாரம் பாய ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவை. ஒரு சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட். அந்த அழுத்தம் கிடைத்ததும், நுனியிலிருந்து மெல்லிய ஊதா நிற இழைகள் கிளம்பி எதிர்ப்பக்கம் ஓடும். ஒரு சென்டிமீட்டரைக் கடக்க அவற்றுக்குப் பத்து இருபது நானோவினாடி போதும். ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நானோவினாடி. ஒளியே அந்த நேரத்தில் 30 சென்டிமீட்டர்தான் போகும். இழைகள் கரை சேர்ந்த பிறகும் மின்னழுத்தம் தொடர்ந்தால் அவை தடித்து, சூடேறித் தீப்பொறியாகும். கரை சேரும் நேரத்தில் நிறுத்தினால் இழைகள் அணைந்துவிடும், சூடு மிஞ்சாது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. மின்சாரத்தை நிரந்தரமாகக் கொடுத்தால், தீப்பொறி வெடிக்கும் அளவுக்குக் கீழேயே மின்னழுத்தத்தை வைத்துக்கொள்ள வேண்டும். துடிப்பாகக் கொடுக்கும்போது அந்த எல்லையைத் தாண்டியும் போகலாம், ஏனெனில் தீப்பொறி உருவாக நேரமே கிடைக்காது. அழுத்தம் கூடக் கூட எலக்ட்ரான்களின் வேகமும் கூடும். ஆக்ஸிஜன், நைட்ரஜன் மூலக்கூறுகளை உடைக்கும் சக்தி அவற்றுக்கு வரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 30,000 வோல்ட், 100 ஆம்பியர், 20 நானோவினாடி. அந்தக் கண நேரத்தில் பாயும் திறன் 30 லட்சம் வாட். 2,000 வாட் தண்ணீர்க் கெண்டிகள் 1,500ஐ ஒரே நேரத்தில் போட்டது போல. ஆனால் ஒரு துடிப்பில் செலவாகும் ஆற்றல் 0.06 ஜூல் மட்டுமே. வினாடிக்கு நூறு துடிப்பு கொடுத்தாலும் சராசரி 6 வாட்தான், சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்றின் செலவு.

கப்சாய் மோட்டார் சைக்கிளில் பாதிக் கருவி

துடிப்பு தரும் கருவி பல்கலைக்கழகத்தில் மட்டும் இருப்பதல்ல. தோட்டப்புற வீடுகளில் நிற்கும் பழைய கார்புரேட்டர் கப்சாயின் இருக்கைக்கு அடியில் அதன் தூரத்து உறவு இருக்கிறது. பட்டறையில் அதை சி.டி.ஐ. பெட்டி என்பார்கள். அதற்குள் ஒரு சிறிய மின்தேக்கி. அதில் சில நூறு வோல்ட் மின்சாரம் சேர்த்து வைக்கப்படுகிறது. சரியான நேரத்தில் மின்சுவிட்சு ஒன்று திறக்க, சேர்த்ததெல்லாம் ஒரே மூச்சில் காயிலுக்குள் கொட்டுகிறது. காயில் அதைப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் வோல்ட்டாக உயர்த்திப் பிளக்குக்கு அனுப்புகிறது. மெதுவாகச் சேர்த்துச் சட்டென்று கொட்டுவதே எல்லா மின்துடிப்புக் கருவிக்கும் அடிப்படை. மாதம் முழுக்கச் சேர்த்த சம்பளத்தைத் தீபாவளிக்கு முதல் நாள் ஒரே மாலையில் செலவழிப்பது போல.

வேறுபாடு நேரத்தில்தான். பிளக்கின் தீப்பொறி நூறு மைக்ரோவினாடி அளவுக்கு நீடித்தால், அது நூறாயிரம் நானோவினாடி. பெட்ரோலைப் பற்றவைக்கச் சூடு வேண்டும் என்பதால் அங்கே அது தேவை. குளிர் பிளாஸ்மாவுக்கு அதில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு நேரம் போதும்.

இன்னும் உயர்ந்த மின்னழுத்தம் வேண்டுமானால் ஜெர்மனியின் எர்வின் மார்க்ஸ் 1924இல் வெளியிட்ட வழி இன்றும் கைகொடுக்கிறது. பத்து மின்தேக்கிகளைப் பக்கம் பக்கமாக இணைத்து ஒவ்வொன்றிலும் 10,000 வோல்ட் ஏற்ற வேண்டும். பிறகு இடையில் உள்ள இடைவெளிகளில் ஒரே நேரத்தில் பொறி தட்டவைத்தால், பத்தும் ரயில் பெட்டிகள் போல ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்துக்கொள்ளும். மறுமுனையில் 100,000 வோல்ட் கிடைக்கும். பொறி தட்டும் இடைவெளிகள் நாளடைவில் தேய்ந்துபோகும் என்பதால், இப்போது பல இடங்களில் குறைக்கடத்தி சுவிட்சுகள் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றால் வினாடிக்கு ஆயிரக்கணக்கான துடிப்புகளையும் கொடுக்க முடியும். ஆனால் அடுத்தடுத்த துடிப்புகளுக்கு நடுவில் காற்று ஆறுவதற்கு இடம் விட வேண்டும். அவசரப்பட்டால் பழைய பாதையிலேயே மின்சாரம் திரும்பத் திரும்ப ஓடித் தீப்பொறியில் முடியும்.

துடிப்பு வந்து சேரும் இடம் எளிமையானது. ஓர் உலோகக் குழாய், அதன் நடுவே இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி, இடையில் ஓடும் காற்று. கம்பி மெல்லியதாக இருப்பதால் அதைச் சுற்றி மின்புலம் கூர்மையாக இருக்கும். இழைகள் அங்கிருந்து கிளம்பிக் குழாய்ச் சுவரை நோக்கி ஓடும். இருட்டில் பார்த்தால் ஊதா நிறத்தில் பாட்டில் கழுவும் பிரஷ் போலத் தெரியும். இன்னொரு வழி, இரண்டு உலோகங்களுக்கு நடுவே கண்ணாடித் தடுப்பு வைப்பது. மின்னூட்டம் கண்ணாடி மேல் படிந்து, தானே தன் வழியை அடைத்துக்கொள்ளும், தீப்பொறி தட்டாது. 1857இல் வெர்னர் சீமென்ஸ் ஓசோன் தயாரிக்க இப்படித்தான் ஒரு கண்ணாடிக் குழாய் செய்தார். குடிநீரைச் சுத்தம் செய்யும் ஓசோன் ஆலைகள் இன்றும் அந்த வழியில்தான் ஓடுகின்றன.

மலேசியக் காற்றில் ஈரம் அதிகம். அது இங்கே நன்மையும் தீமையும் செய்கிறது. எலக்ட்ரான் தண்ணீர் மூலக்கூறை உடைத்தால் ஹைட்ராக்சில் என்ற துண்டு கிடைக்கும். அது நாற்றத்தையும் நச்சு வாயுக்களையும் தின்பதில் ஓசோனைவிட வேகமானது. ஆனால் ஈரக் காற்றில் ஓசோன் குறைவாகவே உருவாகும். அதனால்தான் ஓசோன் ஆலைகளில் காற்றை முதலில் உலர்த்துகிறார்கள். இடிமேகத்துக்கு அடியில் இலை நுனிகளிலும் இந்தக் குளிர் மின்கசிவு நடக்கக்கூடும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வுக்கூடத்தில் இலைகளுக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தபோது ஹைட்ராக்சில் கணிசமாக உருவானதை அளந்தார்கள். கூர்மையான ஓலை நுனிகளைக் கொண்ட செம்பனைத் தோட்டம் இடி நேரத்தில் என்ன செய்கிறது என்பது யோசிக்க வைக்கும் விஷயம். வேடிக்கை பார்க்க மட்டும் அந்த நேரத்தில் மரத்தடியில் நிற்கக் கூடாது.

ஆலைப் புகைபோக்கியில்

சிலாங்கூரின் வடக்கே இந்த அறிவியல் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும் இடம் செம்பனை ஆலை. கோல சிலாங்கூர் மாவட்டத்தில், அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயாவில் உள்ள தென்னமாராம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோகோனியே. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வட்டாரத்தில் பழம் வெட்டி, ஏற்றி, ஆலையில் வேக வைத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். ஆலையின் பாய்லருக்கு எரிபொருள் பழத்தின் நாரும் கொட்டை ஓடும்தான். அதன் புகையில் வரும் கரியும் சாம்பலும் லயத்து வீட்டுக் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் கரும்புள்ளியாக விழும். அந்தக் காலத்து அம்மாமார்களிடம் கேட்டால் புகைபோக்கி எந்தப் பக்கம் இருந்தது என்று சட்டையை வைத்தே சொல்வார்கள்.

1978ஆம் ஆண்டுச் சுத்தமான காற்று விதிமுறைகளின்படி செம்பனை ஆலைப் புகையில் ஒரு கன மீட்டருக்கு 400 மில்லிகிராம் வரை தூசி இருக்கலாம். 2014ஆம் ஆண்டுப் புதிய விதிமுறைகள் அதை 150 மில்லிகிராமுக்கு இறக்கின. பழைய ஆலைகளுக்கு ஐந்து ஆண்டு தவணை கொடுக்கப்பட்டு, அது 2019 ஜூனில் முடிந்தது. சூறாவளி போலப் புகையைச் சுழற்றித் தூசியைக் கீழே தள்ளும் பழைய கருவி 150ஐத் தொடத் திணறியது. நுண்ணிய சாம்பல் அதில் தப்பிவிடும். எனவே பல ஆலைகள் மின்நிலைத் தூசிப் பிடிப்பானைப் பொருத்தின. ஆலை ஆட்கள் வாயில் அது இ.எஸ்.பி.

இ.எஸ்.பி.க்குள் நடப்பதும் குளிர் பிளாஸ்மாதான். பெரிய இரும்புத் தகடுகள் வரிசையாக நிற்கும். நடுவே தொங்கும் கம்பிகளில் பல்லாயிரம் வோல்ட். கம்பியைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டமாகக் காற்று பிளாஸ்மாவாகும். அங்கிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் தூசித் துகளில் ஒட்ட, துகள் மின்னூட்டம் பெற்றுத் தகட்டில் போய்ப் படியும். அவ்வப்போது சுத்தியல் தட்ட, சாம்பல் கீழே உள்ள தொட்டியில் விழும். அமெரிக்காவின் ஃபிரெடெரிக் காட்ரெல் 1908இல் காப்புரிமை பெற்ற கருவி இது.

இந்த வகையில் வழக்கமாக நிரந்தர மின்னழுத்தம்தான் கொடுக்கிறார்கள். தகட்டில் படியும் தூசி மின்சாரத்தைக் கடத்தாத வகையாக இருந்தால் சிக்கல் வரும்: தூசிப் படலத்துக்குள்ளேயே பொறி தட்டி, பிடித்த தூசி மறுபடி கிளம்பிவிடும். அதற்கு மருந்தாக, அடியில் நிரந்தர மின்னழுத்தமும் மேலே மைக்ரோவினாடி அளவிலான துடிப்புகளுமாகக் கொடுக்கும் முறையை டென்மார்க்கின் எஃப்.எல்.ஸ்மித் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. எலக்ட்ரான் நிறையக் கிடைக்கும், சராசரி மின்சாரமோ குறைவாக இருக்கும். துடிப்பின் பயன் இங்கேயும் அதே கணக்குதான்.

இ.எஸ்.பி. தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கந்தக வாயு, நைட்ரஜன் ஆக்சைடு போன்றவை அதன் வழியே தாராளமாக வெளியே போகும். அவற்றையும் பிளாஸ்மாவால் மடக்க முடியுமா என்ற கேள்வியை 1980களில் ஜப்பானியர்கள் கையில் எடுத்தார்கள். செனிச்சி மசுதா, அகிரா மிசுனோ ஆகியோர், நிரந்தர மின்னழுத்தத்துக்குப் பதில் மிகக் குறுகிய துடிப்புகளைப் புகையில் செலுத்தினால் வாயுக்களும் வேதிமாற்றம் அடைவதைக் காட்டினார்கள்.

பெங்களூரில் டீசல் புகை

இந்தியாவில் இந்த வழியில் நீண்ட காலம் உழைத்தவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மின்பொறியியல் துறைப் பேராசிரியர் பி.எஸ்.ராஜனிகாந்த். பெயரைப் பார்த்ததும் வேறு யாரும் நினைவுக்கு வந்தால் பரவாயில்லை. இவரும் மின்னலோடு விளையாடுபவர்தான். டீசல் எஞ்சினின் புகையைக் குழாய் வழியே எடுத்து, அதில் உயர் மின்னழுத்தத் துடிப்புகளைச் செலுத்தி, நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு குறைகிறது என்று அவருடைய குழு ஆண்டுக்கணக்கில் அளந்தது. உயிரி டீசல் புகையிலும் சோதனை செய்தது.

அவர்கள் பார்த்ததில் முக்கியமானது, பிளாஸ்மா தனியாக எல்லாவற்றையும் முடித்துவிடாது என்பது. துடிப்பு நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. ஆனால் அதுவும் நச்சுதான், இன்னும் மோசமானது. பெயர் மாறியதே தவிர வாயு போகவில்லை. ஆகவே பிளாஸ்மாவுக்கு அடுத்தபடியாக அதை உறிஞ்சும் பொருளோ வினையூக்கியோ வைக்க வேண்டும். அலுமினிய ஆலைகளில் மலைபோல் குவியும் கழிவான செம்மண் சேற்றையே அதற்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஓர் ஆலையின் கழிவு இன்னோர் எஞ்சினின் கழிவைப் பிடிப்பது நல்ல யோசனை. ஆனால் எஞ்சினின் சக்தியில் ஒரு பகுதி பிளாஸ்மாவுக்கே போய்விடுகிறது. சாலையில் ஓடும் லோரிகளில் இன்று யூரியாக் கரைசல் தெளிக்கும் முறையே பரவலாக வந்திருக்கிறது.

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் பிளாஸ்மாவில் உலக அளவில் ஒரு பெயர் உண்டு. பேராசிரியர் லீ சிங் தலைமையில் 1985, 1986இல் அங்கே நடந்த ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகப் பயிற்சியில் ஒரு கருவி உருவானது: 30 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, 15,000 வோல்ட், மொத்தம் ஏறத்தாழ 3,400 ஜூல். பயிற்சி பெற்றவர்கள் அந்த மாதிரிக் கருவியைத் தங்கள் நாடுகளுக்குக் கொண்டுபோய் ஆய்வுக்கூடங்கள் தொடங்கினார்கள். அது குளிர் பிளாஸ்மா அல்ல. அடர்த்தி குறைந்த வாயுவில் துடிப்பைக் குவித்துக் கோடிப் பாகை வெப்பத்தை நாடுவது. ஒரே மின்தேக்கி, ஒரே சுவிட்சு, ஆனால் ஆற்றலும் நேரமும் வாயுவின் அழுத்தமும் மாறினால் விளைவு தலைகீழாகிவிடும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஆய்வுக்கூடத்தின் வோங் சியோவ் சான், தாய்லாந்தின் ரத்தாசாட் மொங்கோல்னாவின் ஆகிய இருவரும் எழுதிய அடிப்படை நூல் 2016இல் வெளிவந்தது. சூடான பிளாஸ்மா, குளிர் பிளாஸ்மா இரண்டும் அதில் வருகின்றன.

ஆறாத புண்ணும் விற்கும் பெட்டியும்

புகைக்கு அடுத்தபடியாக, வீடுகளுக்கு நெருக்கமான பயன் புண் மருத்துவம். 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டுக்கும் மேல், எல்லா இனத்தாரிலும் அதிகம். இனிப்புநீர்க்காரரின் பாதத்தில் ஒரு சிறு கொப்புளம் வந்தால் மாதக்கணக்கில் ஆறாமல், கடைசியில் விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குப் போவதைப் பார்க்காத குடும்பம் குறைவு.

உடலில் படும் அளவுக்குக் குளிர்ச்சியான பிளாஸ்மா வந்தபோது மருத்துவர்கள் அதை எடுத்ததற்கு இதுதான் காரணம். அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில், கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு முனையைத் தோலுக்கு மிக அருகில் வைத்துத் துடிப்பு கொடுத்தார்கள். மனித உடலே அங்கே மறு முனை. இடையில் உள்ள ஒன்றிரண்டு மில்லிமீட்டர் காற்று ஊதா நிறத்தில் ஒளிரும், தோல் சுடாது. சாதாரணக் காற்றில் இப்படி வேலை செய்யும் பிளாஸ்மாடெர்ம் என்ற கருவி ஜெர்மனியில் மருத்துவப் பயன்பாட்டில் இருக்கிறது. ஆர்கான் வாயுவை ஊதும் கின்பென் மெட் என்ற பேனா வடிவக் கருவியும் உண்டு.

கின்பென்னைக் கொண்டு ஜெர்மனியில் இனிப்புநீர்ப் பாதப் புண் நோயாளிகள் நாற்பது சொச்சம் பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு உண்மையான பிளாஸ்மா, மற்றவர்களுக்குப் பிளாஸ்மா இல்லாத வெறும் வாயு. இரு தரப்புக்கும் வழக்கமான கட்டு தொடர்ந்தது. பிளாஸ்மா பெற்றவர்களின் புண் வேகமாகச் சுருங்கியது. ஆனால் கிருமிகள் குறைவதில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நம்பிக்கை தரும் முடிவுதான்; கட்டு மாற்றுவதையும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் விட்டுவிடலாம் என்று சொல்லும் முடிவு அல்ல.

இந்த இடத்தில்தான் விற்பனைக்காரர்கள் நுழைகிறார்கள். கோவிட் காலத்துக்குப் பிறகு ‘பிளாஸ்மா’, ‘அயன்’, ‘ஓசோன்’ என்ற பெயர்களில் காற்றுச் சுத்திகரிப்புப் பெட்டிகளும், கால் வைக்கும் தொட்டிகளும், கையடக்கக் கோல்களும் இணையத்தில் குவிந்துகிடக்கின்றன. மலிவான பல பெட்டிகளுக்குள் இருப்பது சிறிய உயர் மின்னழுத்தச் சுற்றும் ஒரு ஊசி முனையும்தான். துடிப்பின் நேரம் எவ்வளவு, வெளியே வரும் ஓசோன் எவ்வளவு என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பது அரிது.

ஓசோனின் வாடை மூக்குக்கு மிகக் குறைந்த அளவிலேயே தெரியும். பத்து கோடிப் பங்கு காற்றில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். அமெரிக்கத் தொழிலிட விதிகள் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் அளவு ஒரு கோடிக்கு ஒரு பங்கு. வீட்டில் வைக்கும் கருவிக்குக் கலிபோர்னியா மாநிலம் வைத்த எல்லை அதில் பாதி. அதைத் தாண்டினால் தொண்டை எரியும், இருமல் வரும், ஆஸ்துமா கிளம்பும். பாதுகாப்பான அளவில் வைத்தால் அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் சக்தி ஓசோனுக்கு இல்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. அதாவது வேலை செய்யும் அளவுக்கு விட்டால் மூச்சுக்கு ஆகாது, மூச்சுக்கு ஆகும் அளவில் வேலை நடக்காது. மின்னல் நாளில் வெளியே வரும் அதே வாடை படுக்கையறைப் பெட்டியிலிருந்து வந்தால் பிளக்கைக் கழற்றுவதே முறை.

புண்ணை ஆற்றும் என்று சொல்லி விற்கும் கருவிக்கு மலேசியாவில் தனிச் சட்டம் உண்டு. 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்தின்படி, மருத்துவக் கருவி ஆணையத்திடம் பதிவு செய்யாமல் அவற்றை விற்கக் கூடாது. விற்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்கலாம்; ஆணையத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம். ஐந்நூறு, ஆயிரம் ரிங்கிட் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிட வேலை இது. புண் உள்ள காலை அரசாங்கக் கிளினிக்கில் காட்டுவதற்குப் பதிலாக இப்படி ஒரு பெட்டியை நம்பி இரண்டு வாரம் கடத்தினால், இழப்பு பணம் மட்டுமல்ல.

செய்து பார்க்கும் ஆசை

பட்டறைக் கை உள்ள இளைஞர்களுக்கு இதையெல்லாம் படித்ததும் செய்து பார்க்கத் தோன்றும். பழைய கப்சாய் காயிலும் பேட்டரியும் கொண்டு பொறி தட்டவைக்கும் காணொளிகள் ஏராளம். ஆனால் சில காணொளிகள் மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றச் சொல்கின்றன. அது தருவது 2,000 வோல்ட்தான், ஆனால் மின்னோட்டம் இதயத்தை நிறுத்த வேண்டியதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த டிரான்ஸ்ஃபார்மரால் பலகையில் மின்னல் கோலம் போடும் வேலையில் மட்டும் அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அந்நாட்டு மரக்கடைசல் கலைஞர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அந்த முறையையே தடை செய்துவிட்டது. காயிலின் இருபதாயிரம் வோல்ட் உதறித் தள்ளுவதும், அடுப்பின் இரண்டாயிரம் வோல்ட் ஆளைக் கொல்வதும் ஏன் என்பது, பின்னே எவ்வளவு ஆற்றல் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

மின்தேக்கியின் தன்மை இன்னும் மோசமானது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அது மின்சாரத்தைத் தனக்குள் வைத்திருக்கும். ஆலையின் சார்ஜ்மேன்கள் உயர் மின்னழுத்தப் பெட்டியைத் திறப்பதற்கு முன் செய்யும் முதல் வேலை, சுவிட்சை அணைத்துப் பூட்டி, நீண்ட காப்புக் கைப்பிடி கொண்ட கோலால் ஒவ்வொரு முனையையும் பூமிக் கம்பியோடு தொடுவதுதான். உயர் மின்னழுத்த ஆய்வுக்கூடங்களிலும் அதே ஒழுங்கு உண்டு. மின்தேக்கியில் மிச்சம் இருந்தால் கோல் பட்டதும் சுளீரென்று ஒரு பொறி தட்டும். தட்டாவிட்டாலும் பெட்டியை மூடும் வரை அந்தக் கோல் அங்கேயே தொங்கும்.